மாற்றுக்கு ஓர் ஆள்

சனிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஷரிபுதீன் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"விதானையார், மாத்து கிடைச்சிரிக்கி."

முத்தலிப் எழுந்து அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டார். உள்ளறையில் ஆதிலாவுக்கு அது கேட்டது. அவள் வந்து கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

மாற்றுத் தேடத் தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆதிலா கம்பஸில் முதலாம் வருடம். கிடைத்தது விவசாயம். அவளுக்கு வேண்டியிருந்தது அதே பீடத்தில் உள்ள உணவு விஞ்ஞானம். அம்பாறை மாவட்டத்திலிருந்து அதற்குள் போகத் தேவையான வெட்டுப்புள்ளி 1.3342. உயர்தரப் பரீட்சையில் அவள் எடுத்த இசட் புள்ளி 1.3235. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 0.0107. இந்தக் கணக்கை அவள் பஸ்ஸில் செய்தாள், விரிவுரையில் செய்தாள், தொழுகைப் பாயில் உட்கார்ந்தும் செய்தாள். ஒவ்வொரு தடவையும் அதே விடை வந்தது.

செவ்வாய்க்கிழமை பீட அலுவலகத்தில் சுஜித்தா மிஸ் ஒரு வழி சொன்னார். வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட நிற்பவர்கள் பாடநெறி மாறக் கேட்கலாம். அதற்கு அந்தப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக வேண்டும். அல்லது அங்கிருந்து ஒருவர் இங்கே வரச் சம்மதிக்க வேண்டும்.

"மாற்று ஆள் கிடைச்சாக் கூட்டிக்கொண்டு வாங்க பிள்ள. ஃபோமில ரெண்டு பேரும் சைன் வைக்கவேணும். இருபத்தெட்டாந் திகதி நாலு மணியோட முடிவு."

அன்று பின்னேரமே ஆதிலா வாப்பா முத்தலிபுக்கு ஃபோனில் கோல் எடுத்தாள்.

"ஆள் கிடைச்சாப் போதுமா?" என்றார் முத்தலிப்.

"ஓம் வாப்பா."

"அப்ப அத என்ட கையில விடு."

முத்தலிப் வட்டவிதானை. முந்நூறு ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் பார்ப்பது அவர் பொறுப்பு. மழை குறைந்த சிறுபோகத்தில் வாய்க்கால் எல்லோருக்கும் ஒரே நாளில் ஓடாது. முறை வைத்துத்தான் ஓடும். செவ்வாய் முறைக்காரனுக்குச் செவ்வாய் வசதிப்படாவிட்டால் விதானையிடம் வருவான். முத்தலிப் தேத்தண்ணிக் கடைக்குப் போய், "செவ்வாய் முறைக்கு ஒரு மாத்து வேணும்" என்று பொதுவாகச் சொல்வார். பிளேன்டி ஆறுவதற்குள் யாராவது ஒருவன் கை உயர்த்துவான். இருபது வருடமாக இப்படித்தான்.

எனவே புதன்கிழமை காலையில் அதே கடையில் நின்று சொன்னார்: "என்ட மகளுக்கு ஒரு மாத்து தேடுறன். ஆராச்சும் இரிந்தாச் சொல்லுங்க."

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவர் கலியாணப் புறோக்கர் ஷரிபுதீன். அவருடைய தொழிலில் மாற்று என்றால் ஒன்றுதான். இந்த வீட்டு அண்ணன் அந்த வீட்டுத் தங்கைக்கு, அந்த வீட்டு அண்ணன் இந்த வீட்டுத் தங்கைக்கு. விதானையார் வீட்டில் இருபத்தெட்டு வயதில் இன்பாஸ் இருக்கிறான் என்பதும், இருபத்தொரு வயதில் ஆதிலா இருக்கிறாள் என்பதும் ஷரிபுதீனுக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் கை உயர்த்தவில்லை. பேசாமல் எழுந்து போனார். இன்று வந்திருக்கிறார்.

"எந்த ஊரு?" என்று முத்தலிப் கேட்டார்.

"நிந்தவூர். நல்ல ஆக்கள். தகப்பன் மில் வெச்சிரிக்கார்."

"புள்ளட பேரு?"

"நிப்லா. உங்கட மகள் படிக்கிற அதே கம்பஸ்."

முத்தலிப் முன்னால் சாய்ந்தார். "என்ன கோர்ஸ்?"

ஷரிபுதீன் ஃபைலைத் திறந்து பார்த்தார். "என்னமோ சாப்பாட்டுப் படிப்பாம்."

திரைக்குப் பின்னால் ஆதிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ஆதிலாவின் உம்மா ஹாஜறா, குசினி வாசலில் நின்று.

"அவங்களுக்குச் சம்மதமா காக்கா?" என்றார் முத்தலிப்.

"வாப்பாக்குச் சம்மதம். உம்மாக்குச் சம்மதம்."

"புள்ளைக்கு?"

"வாப்பாவும் உம்மாவும் சரியெண்டா புள்ள என்ன சொல்லப்போகுது?"

"இல்ல, புள்ளதானே சைன் வைக்கணும்."

"புள்ள என்னத்துக்குச் சைன் வைக்கிற? வாப்பாதானே வைக்கிறது."

முத்தலிப் யோசித்தார். அலுவலகச் சட்டம் அப்படியும் இருக்கலாம் என்று விட்டுவிட்டார்.

"அப்ப எப்ப முடிக்கலாம்?"

"அவசரமில்ல. ஹஜ்ஜுப் பெருநாள் கழிய வெச்சிருவம்."

"அதுமட்டும் பொறுக்க ஏலா. இருபத்தெட்டுக்கு முந்தி முடியணும்."

ஷரிபுதீன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். இருபத்தெட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. குரலைத் தாழ்த்தினார். "ஏன் விதானையார், ஊட்ட ஏதும் பிரச்சினையா?"

"பிரச்சினை ஒண்டுமில்ல. நாலு மணிக்கு ஆபீஸப் பூட்டிருவாங்க."

"எந்த ஆபீஸ்?"

பதில் சொல்வதற்கு முன் முத்தலிப் மேசையைப் பார்த்தார். ஷரிபுதீன் இரண்டு படங்களை எடுத்து வைத்திருந்தார். ஒன்றில் கண்ணாடி போட்ட ஒரு பெண்பிள்ளை. மற்றதில் ஓர் இளைஞன்.

"இது ஆரு?"

"றிபாஸ். நிப்லாட காக்கா, மூத்தவன். கட்டார்ல இரிந்து வந்து நிக்கான்."

"இவன் என்ன படிக்கான்?"

"இவன் என்னத்துக்குப் படிக்க? இவன்தானே உங்கட மகளுக்கு."

முதலில் சிரித்தது ஹாஜறா. பிறகு முத்தலிப் கம்பஸையும் ஃபோமையும் தண்ணீர் முறையையும் சேர்த்து விளங்கப்படுத்தினார். அதற்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. ஷரிபுதீன் தலையைச் சொறிந்தார்.

"சரி, நடந்தது நடந்திட்டு. அங்க நான் என்ன சொல்ற? வெள்ளிக்கிழமை முடிவு கேக்காங்க."

அப்போது இன்பாஸ் ஃபோன் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். மேசையில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தான். "ஆரு இது?"

"உனக்கு வந்த இடம்," என்றாள் ஹாஜறா. அவள் அதற்குள் மாறிவிட்டிருந்தாள். "நாம ஒண்டு தேட அல்லாஹ் ரெண்டாக் காட்டியிரிக்கான்."

இன்பாஸ் படத்தைத் திருப்பி வைக்கவில்லை.

"மகளுக்கு றிபாஸப் புடிக்கல்லயெண்டா மாத்துக் கலியாணத்த விட்டிருவம்," என்றார் ஷரிபுதீன். "ஒரு பக்கத்த மட்டும் கதைச்சுப் பாப்பம். நான் கதைப்பன்."

எல்லோரும் ஆதிலாவைக் கூப்பிட்டார்கள். அவள் வெளியே வந்தாள். இரண்டு படத்தையும் பார்க்கவில்லை.

"அந்தப் புள்ள படிப்ப நிப்பாட்டுமா?" என்று கேட்டாள்.

"பேச்சு முடிஞ்சாலே தகப்பன் நிப்பாட்டிருவார்," என்றார் ஷரிபுதீன். "மறுநாளே கடிதம் குடுத்திருவார். அந்த மனிசன் அப்பிடி."

"ஏன், படிக்கட்டுமே," என்றான் இன்பாஸ்.

"அதெல்லாம் கலியாணம் முடிஞ்சு கதைக்கிற கதை தம்பி."

முத்தலிப் மெதுவாகச் சொன்னார். "அப்ப சீட் ஒண்டு விழும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாய்க்காலில் ஓர் அடி தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று சொல்கிற குரல்தான். ஆனால் இன்பாஸ் தங்கையைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது ஒரு சொல்தான்.

"நான் யோசிக்கணும்," என்றாள்.

---

திங்கட்கிழமை பஸ்ஸில் யோசித்தாள். ஒன்றும் வரவில்லை.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அவள் பதினான்கு விருப்பங்கள் எழுதியிருந்தாள். முதலாவது மருத்துவம், உயிரியல் படித்த எல்லோரும் அதைத்தான் எழுதினார்கள். உணவு விஞ்ஞானம் ஆறாவது. விவசாயம் ஏழாவது. அன்றைக்கு அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வித்தியாசமும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து, ஒரே மூச்சில் எழுதியது நினைவிருக்கிறது. வெட்டுப்புள்ளி வந்த பிறகுதான் ஆறாவது வேண்டும் என்றாயிற்று. இவ்வளவு கிட்டப் போயிருக்காவிட்டால் அதை மறந்திருப்பாள்.

இப்போது ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும். றிபாஸ் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் காக்காவின் கலியாணம் தன்பாட்டில் நடக்கும். இடமும் தன்பாட்டில் விழும். அவள் யாரிடமும் எதையும் பறித்ததாக இராது. அப்படித்தான் தோன்றியது. ஆனால் படிப்பை நிப்பாட்டுமா என்று கேட்டது அவள்தான். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

மத்தியானம் கன்டீனில் ஒரு பெண்பிள்ளை எதிரே வந்து நின்றாள். கண்ணாடி. கையில் மடித்த வெள்ளை ஆய்வுகூடக் கோட்டு. மற்றக் கையில் ஒரு றோல்ஸ்.

"நீங்கதானே கல்முனை விதானையாரிட மகள்?"

"ஓம்."

அவள் உட்கார்ந்தாள். "நான் நிப்லா. சைன் வேணுமெண்டா வந்து கேட்டிரிக்கலாமே. நான் மாட்டனெண்டு சொல்லியிருப்பன், அதோட முடிஞ்சிருக்கும். அதுக்கு உங்கட காக்காவ மாப்பிள்ளையா அனுப்பின எதுக்கு?"

"அனுப்பல்ல."

"மாப்பிள்ள வேணாம், பொண்ணும் வேணாம், சீட்தான் வேணுமெண்டு விதானையார் கேட்டதாம். புறோக்கர் எங்கட ஊட்ட வந்து சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னார். உம்மாவும் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல்ல."

ஆதிலா தொடக்கத்தில் இருந்து சொன்னாள். அலுவலகம், வாப்பா, தண்ணீர் முறை, தேத்தண்ணிக் கடை. சொல்லச் சொல்ல அது பொய் போலவே வந்தது. உண்மையைச் சொல்லும்போது ஏன் இப்படித் தடுமாறுகிறது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. தேத்தண்ணிக் கடை வந்த இடத்தில் நிப்லாவின் முகம் கொஞ்சம் இளகியது.

"கம்பஸ் சீட்ட வாய்க்கால் தண்ணியெண்டு நினைச்சிட்டாராக்கும்."

"ஓம்."

"உங்கட புள்ளி எவ்வளவு?"

"ஒண்டு தசம் மூண்டு ரெண்டு மூண்டு அஞ்சு."

"என்ட ஒண்டு தசம் மூண்டு மூண்டு நாலு ரெண்டு."

ஆதிலா அவளைப் பார்த்தாள். இந்த எண் அவளுக்கு மனப்பாடம். அட்டவணையில் அம்பாறை என்ற வரியில், இடமிருந்து ஒன்பதாவது பெட்டியில் அது இருந்தது. மாவட்டத்தில் கடைசியாக உள்ளே போனவரின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி என்பது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அது ஓர் ஆள் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த ஆள் இப்போது றோல்ஸைப் பிய்த்து, பச்சை மிளகாயைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்கதான் வெட்டுப்புள்ளி."

"என்ன?"

"அம்பாறைக்கு. கடைசி ஆள் நீங்கதான்."

நிப்லா மெல்லுவதை நிறுத்தினாள். "கடைசியெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல. எங்கட சொந்தத்தில முதல் முதல் கம்பஸ் போன புள்ள நானெண்டுதான் சொல்றாங்க."

"உங்களுக்கு இது எத்தனையாவது விருப்பம்?"

"பதினொண்டு. உங்களுக்கு?"

"ஆறு."

"அப்ப உங்களுக்குத்தான் கூட விருப்பம்."

அது குத்தலா, சும்மா சொன்னதா என்று ஆதிலாவுக்குப் பிடிபடவில்லை. நிப்லா விரல்களைத் துடைத்தாள்.

"நான் ஒண்டு கேக்கன். உங்கட பக்கத்தால வேணாமெண்டு சொல்லிவிடுங்க. நான் சொல்ல ஏலா. சொன்னா, கம்பஸ்ல எவனாச்சும் இரிக்கானா எண்டு கேப்பாங்க. நான் உங்ககிட்டக் கதைச்சதும் ஒருத்தருக்கும் தெரியக் கூடா."

"ஓம்."

"சொன்னா உங்களுக்கு ஒண்டும் கிடைக்காது. நான் கோர்ஸ் மாற மாட்டன். அதையும் சொல்லிப்போட்டன்."

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஆதிலா அவளுக்கு ஓம் சொல்லியிருந்தாள். எதற்கு ஓம் சொன்னாள் என்பதை அன்று முழுவதும் யோசித்தாள்.

---

வியாழக்கிழமை இரவு இன்பாஸ் கோல் எடுத்தான். அவன் விடுதிக்குக் கோல் எடுப்பதே இல்லை.

"அந்தப் புள்ளயக் கண்டியா?"

"இல்ல காக்கா."

"கண்டா ஒண்டும் கேக்காத. சும்மா எப்பிடியெண்டு பாரு."

"சரி."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஷரிபுதீன் வந்தார். சாப்பிட்டார். இன்பாஸ் புதுச் சேட்டுப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்க ஆதிலாவுக்குக் கஷ்டமாக இருந்தது. பஸ்ஸில் அவள் நாலு காரணங்கள் தயார் செய்திருந்தாள். நாலும் றிபாஸுக்குத்தான் சரிவந்தன; காக்காவின் பேச்சை நிறுத்த ஒன்றும் இல்லை.

"சொல்லு மகள்," என்றாள் ஹாஜறா. "றிபாஸ் வேணாமெண்டா வேணாம். காக்காட விஷயத்தக் கெடுத்துப் போடாத."

"ரெண்டும் வேணாம் உம்மா."

"என்ட கலியாணத்துக்கு வேணாமெண்டு சொல்ல நீ ஆரு?" என்றான் இன்பாஸ்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. வாப்பாவைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போதுதான் அது வந்தது.

"நம்மளப் பத்தி என்ன கதை வந்திரிக்கி தெரியுமா வாப்பா? விதானையார் மகளுக்குச் சீட் எடுக்க மகனைக் குடுக்காராம்."

முத்தலிப் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஆர் சொன்ன?"

"கம்பஸ்ல கதை இரிக்கி."

"அப்பிடி ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க," என்று ஷரிபுதீன் தொடங்கினார்.

"நீங்கதான் சொன்னீங்களாம் மாமா."

ஷரிபுதீன் தண்ணீர்க் கிளாஸைத் தேடினார். "பகிடிக்கிச் சொன்னது அது."

முத்தலிபுக்கு அதே வயல் வட்டையில் சொந்தமாக இரண்டு ஏக்கர் உண்டு. அதற்குத் தண்ணீர் கடைசி முறையில் ஓடும். அப்படி வைத்தது அவரேதான். சில சிறுபோகங்களில் அந்த இரண்டு ஏக்கரும் பாதி காய்ந்து போயிருக்கிறது, ஹாஜறா ஏசியிருக்கிறாள். விதானை வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பினான் என்ற சொல் மட்டும் இருபது வருடத்தில் வரவில்லை. ஆதிலாவுக்கு இது தெரியும். தெரிந்துதான் சொன்னாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

முத்தலிப் எழுந்து கை கழுவி வந்தார்.

"ஷரிபுதீன் காக்கா, எங்கட பக்கத்தால சரிவரல்லயெண்டு சொல்லிருங்க."

"காரணம் கேப்பாங்களே."

"பிழை விதானையாரிலயெண்டு சொல்லுங்க. புள்ளயில ஒண்டுமில்ல."

இன்பாஸ் சேட்டுப் பையில் இருந்து படத்தை எடுத்துப் புறோக்கருக்கு முன்னால் வைத்தான். பிறகு வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்தான். அது மூன்றாம் தடவைதான் பிடித்தது. அவன் போகும் சத்தம் கடற்கரை வீதி வரை கேட்டது.

"சீட்டும் போச்சு, மாப்பிள்ளையும் போச்சு, மருமகளும் போச்சு," என்றாள் ஹாஜறா. "இனி என்ன இரிக்கி?"

"விவசாயம் இரிக்கி," என்றார் முத்தலிப்.

---

இருபத்தெட்டாம் திகதி காலையில் இருந்து வயலில் செயன்முறை வகுப்பு. முடிந்ததும் ஆதிலா பீட அலுவலகத்துக்குப் போனாள். சப்பாத்தில் சேறு. கையில் ஃபோம். யன்னலுக்கு அப்பால் சுஜித்தா மிஸ் தலையை நிமிர்த்தினார்.

"மற்ற சைன் இல்லாம எடுக்க ஏலாது பிள்ள."

"தெரியும் மிஸ்."

"அப்ப?"

"சும்மா நிக்கன்."

சுஜித்தா மிஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். மணி மூன்றரை தாண்டியிருந்தது.

நிப்லா நடையின் அந்தப் பக்கத்தில் இருந்து வந்தாள். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஊட்ட ஒண்டும் கேக்கல்ல. பிழை விதானையாரிலயெண்டு புறோக்கர் சொல்லியிரிக்கார். நீங்க என்ன சொன்ன?"

ஆதிலா சொன்னாள்.

"அப்ப எனக்காகச் சொல்லல்ல."

"தெரியல்ல."

"வாப்பாக்காகவா?"

"அதுவும் தெரியல்ல. உங்களக் காணாட்டிச் சொல்லியிரிக்க மாட்டன். அது மட்டும் தெரியும்."

நிப்லா தலையாட்டினாள். அது போதுமா போதாதா என்று அவள் காட்டவில்லை. கையை நீட்டி ஃபோமை வாங்கினாள். பெயர், முகவரி, பதிவிலக்கம், இசட் புள்ளி எல்லாம் நிரப்பியிருந்தது. கீழே, மாற்றம் கோருவதற்கான காரணம் என்று இருந்த இடத்தில் ஐந்து வரிகள் வெறுமையாகக் கிடந்தன.

"இதில ஒண்டும் எழுதல்லயே."

"மூண்டு தரம் பென்சிலால எழுதி அழிச்சன்."

நிப்லா தாளை வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். அழித்த இடத்தில் பென்சில் தடம் இருந்தது. அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"'மிகச் சிறிய வித்தியாசத்தில்' எண்டு தெரியிது. அதுக்கு மறுகா?"

"மறுகா ஒண்டும் வரல்ல."

"இந்தப் படிப்பு ஏன் வேணுமெண்டு கேட்டா, நானெண்டா என்ன எழுதியிருப்பன்?" என்றாள் நிப்லா. ஆதிலாவைக் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு தாளையே பார்த்தாள்.

நாலு மணிக்குச் சுஜித்தா மிஸ் யன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார். உள்ளே மின்விசிறி நின்றது. ஃபோம் நிப்லாவின் கையில்தான் இருந்தது. அவள் இன்னும் அந்த ஐந்து வரிகளையே வாசித்துக்கொண்டிருந்தாள்.